நீட்டி அடித்த ஹாரன்

என் நாத்தனாரை லோடு வண்டி ஸ்டாண்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே ‘முன்சீட்டு அக்கா’, முதுகுக்குப் பின்னால் வெறும் ‘முன்சீட்டு’. அவளுடைய பிக்கப் வண்டியின் பின்னால் மேஜை போகும், மெத்தை போகும், கண்ணாடி பதித்த அலமாரிகூடப் போகும். மனிதர் மட்டும் போக முடியாது. முன்னால் டிரைவரோடு சேர்த்து மூன்று பேர், மூன்று பெல்ட், அவ்வளவுதான். நாலாவதாக ஒருவர் வந்து நின்றால், எந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்று வழி சொல்லி அனுப்பிவிடுவாள்.

என்னைவிட வயதில் மூத்தவள். நேரில் ‘அக்கா, வாங்க, போங்க’ என்றுதான் பேசுவேன். இங்கே எழுத உட்கார்ந்தால் ‘அவள்’ என்றுதான் வருகிறது. அப்படியே இருக்கட்டும், அவள் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை.

நாங்கள் மூன்று பேருமே ஒரு மரச்சாமான் பட்டறையை நம்பிப் பிழைக்கிறவர்கள். நான் உள்ளே சோபா உறை தைக்கிறேன். அவளும் அவள் தம்பியும், அதாவது என் வீட்டுக்காரரும், ஆளுக்கு ஒரு பிக்கப் வைத்துக்கொண்டு சாமான்களை வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். இவருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். எனக்குக் கல்யாணமான புதிதில், இவர் ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் அது அக்கா சொல்லிக்கொடுத்தது, தப்பாகச் செய்தால் அது என் வளர்ப்பு என்றாகிவிட்டது. அந்தக் கணக்கில் இன்றுவரை மாற்றமில்லை.

பின்னால் ஆள் ஏற்றமாட்டேன் என்கிற பிடிவாதத்துக்குப் பின்னால் பெரிய சோகக்கதை எதுவும் இருப்பதாக நினைக்க வேண்டாம். நானும் அப்படி நினைத்துத்தான் ஒருநாள் கேட்டேன். சிரித்தாள். ஒருமுறை இரும்பு பீரோ ஒன்றைப் படுக்கப்போட்டு ஏற்றிப் போயிருக்கிறாள். கயிறு கட்டியது வேறு ஒருவன். நாய் ஒன்று குறுக்கே வந்தது, பிரேக் போட்டாள். பீரோ சறுக்கிக்கொண்டு வந்து கேபினின் முதுகில் இடித்து, அந்தத் தகட்டையே நெளித்துவிட்டது.

“அதுக்கு எடை இருக்கு, கயிறும் இருந்துச்சு. அதுவே அந்த ஓட்டம் ஓடுச்சு” என்றாள். “ஒரு குழந்தைக்கு அங்க என்ன இருக்கு? பிடிக்க ஒரு கம்பிகூட இல்ல.”

சோபா வாங்கியவர்கள் சோபாவிலேயே உட்கார்ந்து வருகிறோம் என்பார்கள், குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்பார்கள். “சோபா உடைஞ்சா கடைக்காரர் வேற தருவார். நீங்க உடைஞ்சா யாரு தர்றது?” என்று அவள் கேட்டால் வந்தவர் முகம் தொங்கிப்போகும். வாடிக்கையாளரிடம் இப்படியா பேசுவது என்று முதலாளி என்னிடம் வந்து புலம்புவார், ஏதோ நான் சொன்னால் அவள் கேட்டுவிடுகிற மாதிரி.

எங்களுக்கு ஒரே பெண். வாயாடி. யாரைக் கொண்டிருக்கிறாள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. தெருவில் சிறுமிகள் சேர்ந்து ஒரு கால்பந்து அணி வைத்திருக்கிறார்கள், அதில் இவள் கோல் காக்கிறவள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரை எல்லோரும் விசில் சார் என்போம். கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டே காய்கறி வாங்கப் போகிறவர்.

அன்றைக்குப் பக்கத்து ஊரில் ஒரு போட்டி. சிறுமிகளைக் கூட்டிப்போக வேன் சொல்லியாகிவிட்டது. கோல் கம்பங்கள், வலை, பெஞ்சுகள், தண்ணீர்க் கேன் எல்லாம் நாத்தனார் வண்டியில் போவதாக ஏற்பாடு. பட்டறைக்கு விடுமுறை, அதனால் நானும் அவளோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பெண் வேனில் போகப்போகிறாள் என்று நிம்மதியாக இருந்தேன். விசில் சார் பெயர் பதியவேண்டும் என்று பைக்கில் முன்னாலேயே போய்விட்டார்.

வேன் வரவில்லை. வேன்காரருக்கு வேறு சவாரி கிடைத்துவிட்டது. இந்தச் சமாசாரம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அப்போது பட்டறைக் கொல்லையில் கம்பங்களுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். அவள் கயிறு கட்டினால் சீக்கிரத்தில் முடியாது. கட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், அவிழ்ப்பாள், மறுபடி கட்டுவாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. “அக்கா, இது கம்பம், கல்யாணப் பொண்ணு இல்ல. போதும் அலங்காரம்” என்றேன். அவள் காதில் வாங்கவே இல்லை.

புறவழிச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வெட்டவெளி. முன்னால் ஒரு பிக்கப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்பாடி முழுக்க மஞ்சள் சட்டைகள்.

“யாரு பெத்த பிள்ளைகளோ, இப்படி அடைச்சிட்டுப் போறான் பாருங்க” என்றேன் நான். எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. ஊரான் பிள்ளைகள் என்றால் நமக்கு நியாயம் சீக்கிரம் பேச வரும்.

நாத்தனார் வேகத்தைக் கூட்டி நெருங்கினாள். நம்பர் பலகை கண்ணுக்குத் தெரிந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

“நம்ம வண்டி” என்றாள்.

இவருடைய வண்டி. மஞ்சள் சட்டை எங்கள் அணியின் சட்டை. பின்கதவின் மேல் விளிம்பில், ஏதோ வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருப்பதுபோல, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கையில் கோல் காப்பவரின் உறை. என் பெண்.

காற்றில் அவள் பின்னல் ஆடியது, எதற்கோ சிரித்தாள், சிரித்தபோது உடம்பு பின்னால் சாய்ந்தது. அவளுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

“அக்கா, அங்க பாருங்க, கதவு” என்றேன்.

பின்கதவை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு மாட்டவேண்டும். ஒரு பக்கத்துக் கொக்கி மாட்டியிருந்தது. மறுபக்கத்துக் கொக்கி விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. சாலையில் சின்ன மேடு வந்தால்கூட அந்தப் பக்கம் கதவு வாயைத் திறந்து மூடியது.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. இத்தனை வருடம் வண்டி ஓட்டினவள், எல்லோருக்கும் புத்தி சொல்கிறவள், பதறிப்போய் ஹாரனை அழுத்தினாள். அழுத்தின கையை எடுக்கவில்லை. நீளமாக அலறியது.

வேறு யாராவது அடித்திருந்தால் இவர் ஓரம் கட்டி வழி விட்டிருப்பார். ஆனால் லோடு வண்டிக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் வருகிற நம்ம ஆள் நீட்டி ஹாரன் அடித்தால், ‘பின்னால் செக்கிங் வருது, நிற்காதே, போய்க்கிட்டே இரு’ என்று அர்த்தம். அக்கா வண்டியின் ஹாரன் இவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அதுவும் பின்னால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மாட்டினால் என்ன ஆகுமோ என்று ஏற்கெனவே பயந்துகொண்டு போகிற மனிதர். ஜன்னலுக்கு வெளியே அவர் கை வந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது. வண்டி சீறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது.

அந்த உதறலில் என் பெண் விளிம்பில் ஆடினாள். பக்கத்தில் நின்றவள் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

நாத்தனார் ஹாரனிலிருந்து கையை, சுட்டதுபோல எடுத்தாள். “ஐயோ, ஓடுன்னு சொல்லிட்டேன்” என்றாள். “நானே சொல்லிட்டேன்.”

“போன் போடறேன்” என்றேன்.

போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன்.

“எடுக்க மாட்டான்” என்றாள் அவள். “ஓட்டும்போது போனைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்.”

அவள் சொன்ன எத்தனையோ விஷயத்தைக் காற்றில் விட்டவர், இதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனையே வாய்க்காலில் எறிந்திருப்பேன்.

“நீ அவளை உட்கார வை” என்றாள் நாத்தனார். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. “கத்தாதே, கேட்காது. பயமுறுத்தாதே. சைகை காட்டு.”

பெல்ட்டோடு எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஜன்னலுக்கு வெளியே கையையும் தலையையும் நீட்டி, ‘உட்கார், கீழே உட்கார்’ என்று காட்டினேன். பிள்ளைகள் எங்களைக் கண்டுகொண்டார்கள். சந்தோஷம் தாங்கவில்லை. மொத்தமாக எழுந்து நின்று கையாட்டினார்கள். என் பெண் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஆட்டினாள்.

கெஞ்சினால் வேலைக்கு ஆகாது என்று எனக்குப் புரிந்தது. நான் நாக்கை மடித்துக் கடித்தேன். கண்ணை உருட்டினேன். விரலை நீட்டினேன். வீட்டில் அந்த முகத்தை நான் எப்போதாவதுதான் எடுப்பேன், எடுத்தால் பூனைகூடக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அவ்வளவு தூரத்திலும் அது போய்ச் சேர்ந்தது. அவள் சிரிப்பு நின்றது. விளிம்பிலிருந்து உள்ளே குதித்தாள். மற்றவர்களையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உடனே போயிற்று. அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்ததோடு நிற்கவில்லை, சாய்ந்தும் கொண்டார்கள். எதன் மேல்? பின்கதவின் மேல்.

வரிசையாக மஞ்சள் முதுகுகள். ஒற்றைக் கொக்கி. கதவு முன்னைவிட அதிகமாக வெளியே பிதுங்கிப் பிதுங்கி உள்ளே போனது.

“முன்னால ரயில்வே கேட்” என்றாள் நாத்தனார். “வேகத்தடை இருக்கு. பெருசு.”

அதை அவள் விளக்க வேண்டியதில்லை. அந்த வேகத்தடையில் எத்தனை நாற்காலிக் கால்கள் உடைந்திருக்கின்றன என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

“நான் பக்கத்துல போறேன். நீ அவங்களை அந்தக் கதவுகிட்டருந்து கிளப்பு. கேபின் பக்கமா ஒட்டிக்கணும்.”

எதிரே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவள் எட்டிப் பார்ப்பாள், பின்வாங்குவாள். நான் ஜன்னலில் பைத்தியக்காரி மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன். விரட்டுகிற மாதிரி கையை வீசினேன். உள்ளங்கையை நிமிர்த்திப் படாரென்று விழுவதுபோலக் காட்டினேன். என் பெண் தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள். ‘என்னம்மா’ என்று முகத்தைச் சுருக்கினாள். மறுபடி காட்டினேன். கதவைச் சுட்டினேன், விழுவதைக் காட்டினேன். கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது எனக்கு, ஆனால் முகத்தை மட்டும் கோபமாகவே வைத்துக்கொண்டிருந்தேன். அழுகிற அம்மாவைப் பார்த்தால் அவள் பயந்துபோய் எழுந்து நிற்பாள்.

அவள் குனிந்து பார்த்தாள். கதவு வாய் திறந்த நேரம். அந்த இடைவெளியில் ஓடுகிற சாலையைப் பார்த்திருக்க வேண்டும். அவள் வாய் திறந்து மூடியது, சத்தம் எங்களுக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்தவளைத் தோளைப் பிடித்து இழுத்தாள். அடுத்தவளைத் தள்ளினாள். கடைசியில் இருந்தவள் சின்னப் பெண், அசையாமல் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். என் பெண் தவழ்ந்து திரும்பி வந்தாள். அந்தக் கதவுக்கே திரும்பி வந்தாள். அந்தப் பெண்ணை இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இழுத்துக்கொண்டு போனாள். எல்லோரும் கேபின் பக்கம் போய் ஒருவரை ஒருவர் இறுக்கிக்கொண்டார்கள்.

“போயிட்டாங்க அக்கா!”

“பிடிச்சுக்கோ” என்றாள் அவள்.

எதிரே ஒரு டேங்கர் கடந்தது. அதன் வால் நகர்ந்ததும் நாத்தனார் வண்டியை வெளியே எடுத்தாள். பழைய வண்டி, மூச்சிரைத்தது. இவருடைய கேபினுக்கு நேராக நாங்கள் வந்தபோது நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், ‘சரி சரி, தெரியும்’ என்பதுபோல. செக்கிங் பற்றி அவசரப்படுத்துகிறோம் என்று நினைத்திருக்கிறார். எதிரே ஒரு பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது.

நாத்தனார் இவருக்கு முன்னால் நுழைந்தாள். நுழைந்தவள் பிரேக்கைத் தொடவே இல்லை.

“போடுங்க, நிறுத்துங்க!” என்றேன்.

“நான் சட்டுனு போட்டா அவனும் சட்டுனு போடுவான். பிள்ளைங்க எங்க போகும்?”

காலை ஆக்சிலேட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். ஒரு கையை வெளியே நீட்டி, மெதுவாக, மெதுவாக என்று தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினாள். குழந்தையைத் தூங்க வைக்கிற கை அது. கண்ணாடியில் இவர் முகம் தெரிந்தது. முதலில் குழப்பம், பிறகு எரிச்சல். ஆனாலும் அக்காவின் கைக்கு அடங்கி வந்தார். கேட்டுக்கு முன்னால், இரண்டு வண்டியும் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டன. எங்கள் வண்டி வேகத்தடையைத் தாண்டி ஓரமாக நின்றது. இவருடைய வண்டி அதன்மேல் ஏறி இறங்கியது.

கொக்கி விட்டது. கதவு தடாலென்று கீழே அடித்தது. பந்துகள் அடைத்த பையும் ஒரு சாப்பாட்டுக் கூடையும் சறுக்கிக்கொண்டு போய்ச் சாலையில் விழுந்தன. பின்னால் வந்த இன்னொரு பஸ் கிறீச்சிட்டு நின்றது. நின்றபோது பந்துப் பை அதன் சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

பிள்ளைகள் எல்லோரும் கேபின் ஓரத்தில் இருந்தார்கள். எல்லோரும்.

நான் இறங்கி ஓடினேன். என் பெண்ணை இறக்கி, ஓங்கி ஒன்று வைத்து, அதே கையால் கட்டிக்கொண்டேன். மற்ற பிள்ளைகளையும் ஒவ்வொருவராக இறக்கி மரத்தடியில் உட்கார வைத்தேன். பிறகு இவர் பக்கம் திரும்பினேன். கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக, நடுச்சாலையில், பஸ் முழுக்க ஜனம் பார்க்க, இவரை ‘நீ’ என்று பேசினேன். “உனக்கு மூளை இருக்கா? மரச்சட்டத்தை ஏத்தினா மூணு கயிறு கட்டுவே. பெத்த பொண்ணுக்கு ஒரு கொக்கி மாட்டத் தெரியாதா?” அதற்குப் பிறகு பேசியதை எழுத முடியாது.

இவர் விழுந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். “வேன் வரலை. பிள்ளைங்க அழுதாங்க. இத்துனூண்டு தூரம்தானேன்னு…” என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். “நீ ஹாரன் அடிச்சியேக்கா. அதான் ஓட்டினேன்.”

நாத்தனார் எப்போதும் பதிலுக்குப் பதில் வைத்திருப்பவள். அன்றைக்கு அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். “ஆமாடா, அடிச்சேன்” என்றாள். “எனக்கும் அந்த நேரத்துல புத்தி போச்சு. ஏதாவது ஆகியிருந்தா, தம்பி, நான் உன் மூஞ்சியில எப்படிடா முழிச்சிருப்பேன்?” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விசில் சாருக்குப் போன் போட்டு வேறு வேன் அனுப்பச் சொன்னோம். அவர் ஆட்டம் தொடங்கப்போகிறது என்று ஏதோ சொல்ல வந்தார், நான் பேசிய பேச்சில் வேன் உடனே புறப்பட்டுவிட்டது. காத்திருந்தோம். பிள்ளைகளில் ஒருத்திகூட விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை.

இவர் மெதுவாக வந்து எங்கள் பெண்ணின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் என் மடியில் முகத்தை வைத்திருந்தாள். தலையைத் தடவப் போனார். அவள் நகர்ந்துகொண்டாள்.

“பயந்துட்டியாம்மா?”

“நாங்க தட்டினோம்” என்றாள்.

“என்னது?”

“கதவு திறக்குதுன்னு பார்த்ததும் நாங்க எல்லாரும் உன் கேபினைத் தட்டினோம்பா. கை வலிக்கிற வரைக்கும் தட்டினோம். அப்பா நிறுத்து, அப்பா நிறுத்துன்னு.”

“பாட்டுப் பாடி ஜாலியா வர்றீங்கன்னு நெனச்சேன்டா” என்றார்.

“தெரியும்” என்றாள் என் பெண். “நீயும் கூரையில தாளம் போட்டுத் திருப்பித் தட்டினியே.”